இரண்டு மூட்டையில் தொடங்கிய தொழில்

(ஆலய விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த தொழில்கள் ஆறு என்று சமண புராணங்கள் கூறுகின்றன. வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பெரும்பாலானவை இவ்வாறனுள் உழவையும் எழுத்தையும் பற்றிக்கொண்டு வாழ்ந்தன. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து ஊர்களில் நிலம் இருந்தது. நிலத்திலிருந்து எழுந்தவர்கள் ஆசிரியராகவும் அலுவலராகவும் ஆனார்கள். வாணிகம் பலருக்குச் சற்று எட்டியே நின்றது. இன்று நிலம் சுருங்கிவிட்டது. அரசுப் பணியோ எண்ணிக்கையில் அடங்கிவிட்டது. பிழைப்பை நாடிச் சேலத்திலும் நாமக்கல்லிலும் குடியேறிய இல்லங்களில், பிள்ளைகள் சொந்தத் தொழில் ஒன்றைத் தொடங்க விரும்புகிறார்கள்.

விருப்பம் நல்லது. ஆனால் அது செயலாக மாறும் வழியில் ஓர் இடர் நிற்கிறது. தொழில் என்றவுடன் கடைக்கு முன்பணம், பெயர்ப்பலகை, இயந்திரம், வங்கிக் கடன், ஐந்தாண்டு வரவுசெலவுக் கணக்கு என்று திட்டம் நீள்கிறது. தாயின் நகை அடகுக்குப் போகிறது. கடை திறப்பதற்கு முன்பே கடனின் முதல் தவணை வந்துவிடுகிறது. வாங்குவோர் யார், எவ்வளவு வாங்குவார், என்ன விலை கொடுப்பார் என்பது மட்டும் அதுவரை ஒருவருக்கும் தெரியாது. வேறு சில இல்லங்களில் இதற்கு நேர்மாறாக நிகழ்கிறது. திட்டம் நிறைவடையவில்லை என்பதனாலேயே ஆண்டுகள் கழிகின்றன. தொழில் தொடங்கப்படுவதே இல்லை. முன்னது பொருளை இழத்தல். பின்னது காலத்தை இழத்தல். இரண்டுக்கும் வேர் ஒன்றே. விற்றுப் பார்த்து அறிய வேண்டியதை எண்ணிப் பார்த்தே அறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கைதான் அது.

இதனை ஆராய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இச்சேலம், நாமக்கல் சமவெளியிலேயே சான்று இருக்கிறது. ஆத்தூர் சாலையிலும், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கங்களிலும் பயணம் செய்தோர் வெயிலில் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் காய்களங்களைக் கண்டிருப்பர். அவை ஜவ்வரிசி ஆலைகளின் களங்கள். இன்று நாடு முழுவதற்கும் ஜவ்வரிசி அனுப்பும் இத்தொழில் எவ்வாறு தொடங்கியது என்பது அறியத் தக்கது.

இங்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் முறை. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து பிறப்பது. கிழங்கு வகைகளை விலக்கும் இல்லங்கள் இவ்வவையில் பல உள. நோன்பு நாள்களில் மட்டுமாவது விலக்கும் இல்லங்களும் உள. அப்பொருளை உண்ண வேண்டும் என்றோ, அத்தொழிலில் இறங்க வேண்டும் என்றோ இங்குக் கூறவில்லை. அது பிறந்து வளர்ந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜவ்வரிசியும் மாவுப்பொருளும் கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. போர் மூண்டதும் கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டது; சரக்கு நின்றது; தேவை நிற்கவில்லை. அக்காலத்தில் சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் என்பவர் வணிகத்தின் பொருட்டு அடிக்கடி கேரளம் சென்று வந்தார். அவர் மீன் வணிகர் என்று இத்தொழிலின் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. கொல்லாமையை முதல் விரதமாகப் போற்றும் அவையில் அதனை மறைத்துப் பேச வேண்டியதில்லை. மலேயாவில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவரை அவர் கேரளத்தில் சந்தித்தார். மரவள்ளியிலிருந்து மாவு எடுக்கும் முறை ஷாவுக்குத் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து 1943ஆம் ஆண்டு சேலத்தில் மிக எளிய முறையில் மாவு எடுக்கத் தொடங்கினார்கள்.

எளிய முறை என்பதைச் சற்று விளக்க வேண்டும். கிழங்கின் தோலைச் சீவி, கழுவி, அரைத்து, நீர் விட்டுப் பிழிந்தால் பால் போன்ற நீர் வரும். அதனைத் தொட்டியில் தேக்கி வைத்தால் மாவு அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு மாவைக் காய வைப்பர். ஜவ்வரிசி வேண்டுமெனில் ஈர மாவைத் துணியில் இட்டு ஊஞ்சல்போல் ஆட்டினால் அது சிறு மணிகளாகத் திரளும். அம்மணிகளைச் சூடான தட்டில் வறுத்து வெயிலில் உலர்த்துவர். இதற்குப் பெருங்கட்டடம் தேவையில்லை. கை, நீர், தொட்டி, வெயில் ஆகியவை போதும். தொடக்கத்தில் அவர்களிடம் இருந்தவையும் ஏறக்குறைய இவையே.

அப்போதைய உற்பத்தி இரண்டு மூட்டை அளவே. அந்த இரண்டு மூட்டைக்கு வாங்குவோர் இருந்தனர், மேலும் கேட்டனர். கேட்ட பிறகே இயந்திரத்தைப் பற்றிய எண்ணம் வந்தது. வெங்கடாசலக் கவுண்டர் என்னும் தொழில்நுட்பத் திறன் மிக்க மெக்கானிக் ஒருவரின் உதவியால் அரைக்கும் கருவிகளும் பிற கருவிகளும் உள்ளூரிலேயே உருவாயின. உற்பத்தி இரண்டு மூட்டையிலிருந்து 25 மூட்டையாக உயர்ந்தது. வரிசையைக் கவனிக்க வேண்டும். இருக்கும் கருவியால் செய்த சிறிதளவு சரக்கு முதலில். அதற்குக் கிடைத்த விலை அடுத்து. பெரிய கருவி அதற்கும் அடுத்து. இயந்திரத்தை முதலில் வாங்கி, அதற்கு வேலை தேடி அலையும் வரிசை அன்று இது.

உடனே ஓர் இடையூறும் வந்தது. 1944இல் உணவுப் பஞ்சம் தலைதூக்கியது. மரவள்ளி ஏழை மக்களின் உணவு என்பதனால், அதனை ஆலைப் பொருளாக்குவதற்கு மாவட்ட ஆட்சியர் தடை விதித்தார். எத்துணைக் கவனமாகத் திட்டம் தீட்டியிருந்தாலும் இத்தடையை எவரும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. உற்பத்தியாளர்கள் ஒரு சங்கமாகத் திரண்டு அரசிடம் முறையிட்டுத் தடையை நீக்கச் செய்தார்கள். விற்பனை நிகழ்ந்துகொண்டிருந்த தொழிலாக அது இருந்ததனால், காப்பதற்கு ஒரு பொருளும் முறையிடுவதற்குச் சிலரும் இருந்தனர். தாளில் மட்டும் இருக்கும் தொழிலுக்காக முறையிட யாரும் வருவதில்லை.

1949இல் 45 ஆலைகள், 1957இல் 125 ஆலைகள் என்று தொழில் பெருகியதாகக் குறிப்புகள் கூறுகின்றன. தருமபுரியும் நாமக்கல்லும் தனி மாவட்டங்கள் ஆகாத காலம் அது. எல்லாம் சேர்ந்தே சேலம் மாவட்டம். ஆலைகள் பெருகியபின் வேறு வகைத் துன்பம் தோன்றியது. சரக்கைச் சேமிக்கக் கிடங்கும் கையில் பணமும் இல்லாத சிறு ஆலைக்காரர், இடைத்தரகர் சொன்ன விலைக்கே விற்க நேர்ந்தது. அதற்கு விடையாக 1981இல் ஒரு தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டு 1982 பிப்ரவரியில் செயற்படத் தொடங்கியது. 'சேகோசர்வ்' என்று இப்பகுதி மக்கள் அறிந்த சங்கம் அதுவே. உறுப்பினர் கொண்டுவரும் சரக்கைக் கிடங்கில் வைத்து, மாதிரி எடுத்துச் சோதித்து, வணிகர்களிடம் போட்டி விலை கேட்டு விற்றுத் தருவது அதன் பணி. சரக்கின் பேரில் முன்பணமும் கொடுக்கும். தொழில் பிறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே இவ்வமைப்பு எழுந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அஃது எண்பது ஆண்டுகள் கழித்து வந்த பெயர்ப்பலகை. இன்றைய இளைஞர்கள் பெயர்ப்பலகையிலிருந்தே தொடங்க எண்ணுகிறார்கள்.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத் தக்கது. இச்சமவெளியில் ஜவ்வரிசி பாயசத்துக்கும் வடகத்துக்கும் உரிய பொருள். ஒரு வீட்டில் மாதம் ஒருமுறை வாங்கினாலே மிகுதி. உள்ளூர் வழக்கத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் இத்தொழில் எழுந்திருக்கவே முடியாது. ஆனால் மகாராட்டிரம், குசராத்து, மத்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் நோன்பிருக்கும் மக்கள் அரிசியையும் கோதுமையையும் விலக்கி ஜவ்வரிசிக் கிச்சடியை உண்கிறார்கள். சேலத்துச் சரக்கின் பெருஞ்சந்தை வடக்கே அமைந்ததற்கு அவ்வழக்கமும் ஒரு காரணம். ஒரு பொருளை இன்னாருக்கு என்று செய்பவர் எண்ணுவது ஒன்று. அதனை யார் தேடி வாங்குகிறார் என்பது வேறொன்று. இந்த இரண்டாவதை விற்பனையே காட்டும்.

கிழங்கிடமிருந்தும் ஒன்று கற்கலாம். நெல்லை மூட்டை கட்டிப் பல மாதம் வைக்கலாம். பிடுங்கிய மரவள்ளியோ இரண்டு மூன்று நாளில் கருத்துக் கெடத் தொடங்கும். ஆகவே உழவர் காத்திருக்க இயலாது. ஆலையும் காத்திருக்க இயலாது. பிடுங்கிய அன்றோ மறுநாளோ எடை போட்டாக வேண்டும். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப விலை தீரும். கையிருப்புக் கெடுவதற்கு முன் விற்றுத் தீர்த்து, விலையிலிருந்து பாடம் கற்கும் பழக்கம் இத்தொழிலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. மனிதரின் முயற்சியும் நெல் அன்று, கிழங்கைப் போன்றதே. வைத்திருந்தால் கெடும்.

இதே முறையைத் தமிழகத்தின் வேறொரு பகுதியிலும் காணலாம். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் சிறு உறைகளில் ஷாம்பு அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாக விளங்கினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, தம் சேமிப்பாகிய 15,000 ரூபாயைக் கொண்டு தனியே 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். சிற்றூர்க் கடைகளில் சிறு உறைகளாக விற்றார். காலி உறைகளைத் திருப்பிக் கொடுப்போருக்குப் புதிய உறை இலவசம் என்று ஒரு முறையை வகுத்து, வாங்குவோரை அறிந்தார். பின்னாளில் 'கெவின்கேர்' என்று பெயர் பெற்ற பெருநிறுவனத்தின் தொடக்கம் அதுவே. கையில் இருந்த தொகைக்குள், கடையில் நின்று கற்று வளர்ந்த தொழில் அது.

அயல்நாட்டு ஆய்வாளரும் இதனை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமர் பீடே என்னும் இந்திய வம்சாவளி அறிஞர், அமெரிக்காவில் மிக விரைவாக வளர்ந்த நிறுவனங்களின் பட்டியலிலிருந்து நூறு நிறுவனங்களைத் தொடங்கியோரைக் கண்டு வினவினார். அவர்களுள் 41 விழுக்காட்டினர் எழுதிய தொழில் திட்டம் எதுவும் இன்றியே தொடங்கியவர்கள். 26 விழுக்காட்டினரிடம் ஒரு துண்டுத் தாளில் அடங்கும் குறிப்பு மட்டும் இருந்தது. முழுத் திட்டம் எழுதியவர் 28 விழுக்காட்டினரே. இக்கணக்கு வென்றவர்களை மட்டும் எண்ணிய கணக்கு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திட்டமின்றித் தொடங்கித் தோற்றவர்கள் இதில் இல்லை. எனவே திட்டம் இல்லாதவர் வெல்வர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முழுத் திட்டம் இல்லாததனாலேயே ஒருவர் தோற்றுவிடுவதில்லை என்ற அளவில் கொள்ளலாம்.

சரஸ் சரஸ்வதி என்னும் மற்றோர் இந்திய வம்சாவளி அறிஞர், நெடுங்காலம் தொழில் நடத்திப் பழகியோர் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2001இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எவ்வளவு ஈட்டலாம் என்னும் வினாவை அவர்கள் முதலில் எழுப்புவதில்லை. இம்முயற்சியில் எவ்வளவு போனால் தாங்கலாம் என்றே முதலில் கேட்கிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. கையில் உள்ளது எது, தெரிந்தது எது, அறிந்தவர் யார் என்பவற்றிலிருந்தே அவர்கள் தொடங்குகிறார்கள் என்பது மற்றொன்று.

தமிழ் மரபுக்கு இவை புதியன அல்ல. வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரமும் வினைசெயல்வகை என்று ஓர் அதிகாரமும் வகுத்தார். வரப்போகும் ஆக்கத்தைக் கருதி இருக்கும் முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது முன்னதில் உள்ள கருத்து. ஆராய்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. துணிந்தபின் காலம் நீட்டித்தல் தீது என்பது பின்னதில் உள்ள கருத்து. இரண்டையும் பிரிக்காமல் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலைக் காத்தலும் வேண்டும். காலம் தாழ்த்தாமையும் வேண்டும். இரண்டும் ஒருங்கே கூடும் இடம் சிறிய விற்பனையே.

சமண இல்லறத்தாருக்கு மற்றொரு கருவியும் இருக்கிறது. அருங்கலச்செப்பு இல்லறத்தாருக்கு உரைக்கும் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. ஒருவர் தமக்கு இவ்வளவு போதும் என்று எல்லை வகுத்துக்கொள்வது அவ்விரதம். திசைவிரதம் என்னும் குணவிரதமோ, இவ்வெல்லைக்கு அப்பால் செல்லேன் என்று திசைக்கு வரம்பு கட்டுகிறது. இவற்றின் நோக்கம் வணிக வெற்றி அன்று. ஆசையும் உயிர்களுக்கு நேரும் தீங்கும் குறைய வேண்டும் என்பதே. ஆயினும் எல்லை வகுத்துப் பழகிய மனம் தொழிலிலும் எல்லை வகுக்கும். இவ்வளவு தொகை வரை முயல்வேன், அதற்கு மேல் கடன் படேன். இத்தெருவில் விற்றுக் கற்றபின் அடுத்த தெருவுக்குச் செல்வேன் என்று சொல்ல அம்மனத்துக்கே இயலும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வெங்காயமும் பூண்டும் சேராத பருப்புப் பொடி செய்வதில் தேர்ந்த கை ஒரு தாய்க்கு இருக்கிறது என்று கொள்வோம். கல்லூரிகள் நிறைந்த திருச்செங்கோடு, இராசிபுரம், நாமக்கல் பகுதிகளில் விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு அது பயன்படும் என்பது அக்குடும்பத்தின் எண்ணம். கடை பிடித்து, அரைவை இயந்திரம் வாங்கித் தொடங்கினால் ஐந்து இலட்சம் ரூபாய் வேண்டும் என்று மகன் கணக்கிடுகிறான். அதற்கு மாறாக, முதலில் இரண்டு கிலோ மட்டும் செய்கிறார்கள். பொருள், அரைவைக் கூலி, உறை எல்லாம் சேர்த்து 700 ரூபாய் ஆகிறது. நூறு கிராம் அளவில் 20 பொட்டலங்கள். ஒன்று 50 ரூபாய். முதல் வாரத்தில் 12 பொட்டலங்கள் விற்று 600 ரூபாய் வருகிறது. 8 பொட்டலங்கள் எஞ்சுகின்றன. ரொக்கக் கணக்கில் 100 ரூபாய் குறைவு.

இந்த 100 ரூபாய் கற்பித்தவை எத்தனை என்று பார்ப்போம். வாங்கிய 12 பேரில் 7 பேர் உறவினர் என்றால், அவ்வேழும் அன்பின் விற்பனை. பொடியின் விற்பனை அல்ல. எஞ்சிய 5 பேர் அயலார். அவர்களுள் மறுவாரம் தாமே வந்து கேட்டவர் எத்தனை பேர் என்பதே உண்மையான கணக்கு. நூறு கிராம் விரைவில் தீர்ந்துவிடுகிறது, கால் கிலோவாகக் கொடுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். காரம் மிகுதி என்று இருவர் சொல்லியிருக்கலாம். இருபதும் விற்றிருந்தாலும் மிச்சம் 300 ரூபாயே. தாய் ஆறு மணி நேரம் உழைத்தார் எனில் மணிக்கு 50 ரூபாய். அவ்வுழைப்புக்கு அது போதுமா, அதே ஆறு மணியில் நான்கு கிலோ செய்ய இயலுமா, விலையை உயர்த்தினால் வாங்குவார்களா என்னும் வினாக்கள் அப்போது எழும். அறையில் அமர்ந்து எழுதிய திட்டத்தில் தாயின் உழைப்புக்கு விலை போடும் வரியே பெரும்பாலும் இராது. விற்பனை அந்த வரியை எழுத வைக்கிறது.

மூன்று நான்கு வாரங்கள் இவ்வாறு சென்றபின், அயலார் எவரும் திரும்பி வரவில்லை எனில், குடும்பம் சில நூறு ரூபாயோடு அம்முயற்சியை நிறுத்திக்கொள்ளலாம். நகை பெட்டியில் இருக்கும், மகனின் மனமும் உடையாது, வேறொன்றை முயலலாம். திரும்பி வருவோர் பெருகினால், அப்போது இயந்திரத்துக்குக் கடன் கேட்கச் செல்லலாம். வங்கி மேலாளரிடம் காட்ட ஐந்தாண்டுக் கற்பனைக் கணக்கு இராது. மூன்று மாத விற்பனைக் குறிப்பேடு இருக்கும்.

அந்தக் குறிப்பேட்டில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும். வாங்கியவர் யார் என்பது ஒன்று. கேட்டுவிட்டு வாங்காமல் சென்றவர் என்ன காரணம் சொன்னார் என்பது இரண்டு. பணம் கைக்கு வந்ததா, நாளை என்றாரா என்பது மூன்று. கடனாகக் கொடுத்த சரக்கு, பணம் வரும்வரை விற்பனை ஆகாது. தெரிந்தவரிடம் பணம் கேட்கக் கூசுவது நல்லியல்பாயினும், அக்கூச்சம் கணக்கைப் பொய்யாக்கிவிடும்.

இவ்வளவும் கேட்டபின், அப்படியானால் திட்டமே வேண்டாமா என்று ஒருவர் வினவலாம். வேண்டும். எதைத் திட்டமிட வேண்டும் என்பதில்தான் தெளிவு வேண்டும். அதற்கும் ஜவ்வரிசித் தொழிலே சான்று தருகிறது.

கிழங்கை அரைக்கவும் கழுவவும் மிகுந்த நீர் வேண்டும். மாவைப் படியவைத்தபின் வடிக்கும் நீர் புளித்து நாறும். நிலத்திலும் ஓடையிலும் விட்டால் கிணறு கெடும். ஆலைகள் பெருகிய காலத்தில் இக்கழிவுநீர் பற்றிய முறையீடுகள் இச்சமவெளியில் எழுந்தன. பின்னர் ஆலைகள் சுத்திகரிப்பு அமைப்புகளுக்குச் செலவிட நேர்ந்தது. அக்கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுத்து ஆலைக்குப் பயன்படுத்தும் முறையும் பிற்காலத்தில் வந்தது. அவ்வாறே, சரக்கு வெண்மையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக வேதிப்பொருள் இட்டு வெளுப்பதும், மக்காச்சோள மாவைக் கலப்பதும் சிலரிடம் புகுந்தன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளைச் சோதித்துச் சரக்கைப் பறிமுதல் செய்த செய்திகள் நாளிதழ்களில் வந்துள்ளன. கிழங்கின் 'பாயிண்ட்' அளவைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று உழவர்கள் முறையிடுவதும் உண்டு.

இவற்றுள் எதுவும் விற்றுப் பார்த்துக் கற்க வேண்டிய பாடம் அன்று. புளித்த நீரை ஓடையில் விட்டால் உயிர்கள் மடியும் என்பதை அறிய விற்பனை தேவையில்லை. தராசைச் சாய்த்தால் மற்றவர் இழப்பார் என்பதை அறியவும் விற்பனை தேவையில்லை. ஊதியம் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டி அறிதல் அரிது. தீங்கு எங்கே நேரும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறியலாம். ஆதலின் திட்டமிடுதல் தீங்கைப் பற்றியதாக இருக்கட்டும். ஊதியத்தைப் பற்றிய அறிவை விற்பனை தரட்டும். இன்று பலரும் இதனைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அறிய இயலாத ஊதியத்துக்கு ஐந்தாண்டுக் கணக்கு எழுதுகிறார்கள். அறியக்கூடிய தீங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்களை ஐந்தாக வகுத்துக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், அரசின் நெறியை மீறுதல், அளவையிலும் நிறையிலும் குறைத்தும் கூட்டியும் ஏமாற்றுதல், போலிப் பொருளைக் கலந்து விற்றல் என்பன அவை. இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், அதுவே ஒரு சிறு வணிகருக்கு முதல் நாள் திட்டம் ஆகும். உணவுப் பொருள் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வதும், பொட்டலத்தின் மேல் எடை, விலை, செய்தவர் முகவரி, அடைத்த நாள் ஆகியவற்றைக் குறிப்பதும் அரசின் நெறி. இரண்டு கிலோ செய்தாலும் இது பொருந்தும். முன்பணம் பெற்றுக்கொண்டு பிறகு செய்து கொடுப்பவர், பொருள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதை வாய்மை வழுவாது சொல்லிவிட வேண்டும். நூறு கிராம் என்று எழுதினால் உறையின் எடை நீங்கலாக நூறு கிராம் இருக்க வேண்டும். சிறிய தொழிலுக்குச் சிறிய பிழை இருக்கலாம் என்று அறம் சலுகை தருவதில்லை.

எல்லாத் தொழிலையும் இவ்வாறு சிறிதாக விற்றுப் பார்த்துத் தொடங்க இயலாது என்பதும் உண்மை. மருந்து செய்வோர், கட்டடம் எழுப்புவோர், மின்கருவி பொருத்துவோர் ஆகியோரின் பிழை பிறர் உயிரை வாங்கும். அங்கே முழுக் கல்வியும் முன்னேற்பாடும் இன்றியமையாதவை. ஆழ்துளைக் கிணற்று வண்டி போன்ற பெருங்கருவி இன்றித் தொடங்கவே இயலாத தொழில்களும் உண்டு. அங்கும், கருவியைச் சொந்தமாக வாங்குவதற்கு முன், பிறர் வண்டியில் பணியாற்றியோ, வாடகைக்கு அமர்த்திச் சில வேலைகளை ஏற்று முடித்தோ பார்க்க இயலும். பிழை நேர்ந்தால் அதன் சுமை யார் மேல் விழும் என்பதே அளவுகோல். தன் மேல் விழுமாயின், சிறிதாக முயன்று கற்கலாம். பிறர் மேல் விழுமாயின், முன்னரே கற்றுத் தேர்ந்திருக்க வேண்டும்.

இறுதியாக, இல்லத்துப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை இரண்டு கிலோ பொடியைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வதைக் கண்டு, படித்த பிள்ளை இப்படி அலைவதா என்று குறைவாக எண்ண வேண்டாம். அடகு வைத்த நகையால் திறந்த குளிரூட்டிய கடையில் அமர்ந்திருப்பதைவிட அது பழியற்றது; பாதுகாப்பானதும் ஆகும். அப்பிள்ளை தோற்றுத் திரும்பினாலும், சில நூறு ரூபாயும் ஒரு குறிப்பேடு நிறைந்த பாடமுமாகத் திரும்பும். பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அயலார் ஒருவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கக்கூடிய ஏதேனும் ஒன்றை, சரியான எடையோடும் உண்மையான சொல்லோடும் விற்றுப் பாருங்கள். எழுத வேண்டிய திட்டம் எது என்பது அதன்பின் தெரியவரும்.

அறம் வளர்க. அனைத்துயிரும் இன்புற்று வாழ்க.